சேவு பாக்கெட்டில் அந்த இரண்டு எழுத்து வேண்டுமா?

கேள்வி: அக்கா, சாத்தூர் பக்கம் வீட்டிலேயே சேவு, முறுக்கு போட்டு பாக்கெட் கட்டி விற்கிறேன். என்னோடு நாலு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். போன மாதம் அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வந்த ஒருவர் பத்து கிலோ சேவு சொல்லிவிட்டு, "நீங்க ஊத்துறது ஜி.எம். எண்ணெயா? பாக்கெட்ல ஏன் போடல? அங்கெல்லாம் கண்டிப்பா போட்டாகணும்" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எண்ணெய் ஏஜெண்டாக இருக்கும் என் கொழுந்தனாரிடம் கேட்டேன். "அப்படி ஒரு முத்திரை வந்தா சனம் விஷம்னு நினைச்சு ஒதுக்கிடும், உங்க பொழப்புதான் போகும் மதினி" என்கிறார். இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாக எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது, வியாபாரம் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. லேபிள் வேண்டும் என்பீர்களா, வேண்டாம் என்பீர்களா? அது வரும்வரை நான் எதைப் பார்த்து வாங்குவது?
(வாசகி, விருதுநகர் மாவட்டம்)

பதில்:

வேண்டும். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தங்கச்சி, லேபிள் கண்டிப்பாக வேண்டும். ஆனால் அது உங்கள் கொழுந்தனார் பயப்படுகிற மாதிரி மண்டையோடு போட்ட லேபிளாக இருக்கக் கூடாது, கடைசியில் உங்கள் தலையில் வந்து விடிகிற லேபிளாகவும் இருக்கக் கூடாது. எதில் ஒட்டுவது, யார் ஒட்டுவது, என்ன எழுதுவது என்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. இருபது வருடமாக உணவுப் பரிசோதனைக் கூடத்தில் இந்த வேலையைத்தான் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அடுப்பு வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் சேவிலிருந்தே ஆரம்பிப்போம். கடலை மாவு, அரிசி மாவு, மிளகாய் வற்றல், பூண்டு, பெருங்காயம், உப்பு, எண்ணெய். இதில் கடலை, அரிசி, மிளகாய், பூண்டு எதிலும் மரபணு மாற்றிய ரகம், அதாவது வேறு உயிரின் மரபணுவைச் சோதனைக்கூடத்தில் சேர்த்த ஜி.எம். ரகம், இந்தியாவில் விற்பனையில் இல்லை. நம் நாட்டு நிலத்தில் வியாபாரத்துக்காக விளைவிக்க அனுமதி கிடைத்து, உண்மையிலேயே பரவலாக விளைகிற மரபணு மாற்றப் பயிர் ஒன்றே ஒன்றுதான், பி.டி. பருத்தி. காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தைத் தானே உண்டாக்கும்படி ஒரு மண் பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்த பருத்தி அது. 2002 மார்ச்சில் அனுமதி கொடுத்தார்கள், இன்றைக்குப் பருத்தி விளைகிற பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் அதுதான். பி.டி. கத்தரிக்கு 2009இல் நிபுணர் குழு சரி என்றது, கோவை வேளாண் பல்கலைக்கழகமும் அந்த ரகங்களுக்கு உழைத்தது, 2010 பிப்ரவரியில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வைத்தார். கடுகுக்கு 2022இல் ஒரு பச்சைக்கொடி, உடனே உச்ச நீதிமன்ற வழக்கு, 2024 ஜூலையில் இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்பு. ஆகவே உங்கள் சேவில் கேள்வி கேட்க வேண்டிய பொருள் எண்ணெய் மட்டும்தான்.

பருத்தி என்றால் வேட்டி சேலை என்று நினைக்கிறோம். பஞ்சைப் பிரித்த பிறகு கொட்டை இருக்கிறதே, அது ஆலைக்குப் போகிறது, வருடத்துக்குச் சுமார் 10 லட்சம் டன் பருத்திக்கொட்டை எண்ணெய் அதிலிருந்து வருகிறது, அதை நாம்தான் சாப்பிடுகிறோம். குஜராத் பக்கம் அதைப் பேர் சொல்லியே வாங்குகிறார்கள். நம் பக்கம் அது பெரும்பாலும் கலப்பு எண்ணெயிலும் பொரித்த பண்டத்திலும் பேர் தெரியாமல் வருகிறது. இது போக சோயா எண்ணெய். சமீப வருடங்களில் ஆண்டுக்கு 30 லட்சம் டன்னுக்கு மேல் இறக்குமதி செய்கிறோம், முக்கியமாக அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும். அந்த இரண்டு நாட்டிலும் விளைகிற சோயா ஏறக்குறைய எல்லாமே மரபணு மாற்றியதுதான். கனடாவிலிருந்து வரும், கடுகு இனத்துக் கனோலா எண்ணெயும் அப்படியே. அதாவது இருபது வருடத்துக்கும் மேலாக நாம் இதைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், நம்மிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 2013 ஜனவரி 1 முதல் மரபணு மாற்றிய உணவுப் பொட்டலத்தின் முன்பக்கத்தில் மேலே ஜி.எம். என்ற எழுத்துகள் இருக்க வேண்டும் என்று எடையளவு விதிகளில் சேர்த்தார்கள். எத்தனை சதவீதம் இருந்தால் போட வேண்டும், யார் சோதிப்பது, எப்படிச் சோதிப்பது என்று ஒன்றும் இல்லை. விதி காகிதத்தில் இருந்தது, கடை அலமாரியில் நான் ஒரு பாட்டிலில்கூட அந்த எழுத்தைப் பார்த்ததில்லை. 2018இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடைகளில் 65 பொருட்களை வாங்கிச் சோதித்தது, 21இல் மரபணு மாற்றத்தின் அடையாளம் இருந்தது, பெரும்பாலானவை வெளிநாட்டுச் சரக்கு, அவற்றில் சில 'ஜி.எம். இல்லாதது' என்று தைரியமாக அச்சடித்திருந்தன. 2021 மார்ச் முதல் இறக்குமதியாகும் 24 பயிர்களுக்கு 'இது மரபணு மாற்றியதில்லை' என்ற சான்றிதழ் கட்டாயமானது, தெரியாமல் 1 சதவீதம் வரை கலந்திருந்தால் மன்னிப்பு. ஆனால் அது தானியத்துக்கும் பழத்துக்கும்தான், அதிலிருந்து எடுத்த எண்ணெய் மாதிரிப் பொருளுக்கு இல்லை. தலைவாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட கதை. அதே வருடம் நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் லேபிளுக்கென்றே ஒரு வரைவு விதி வெளியிட்டது, 1 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் எழுத வேண்டும் என்று. 2022இல் திருத்திய வரைவு ஒன்று வந்தது. அப்புறம் வரைவிலேயே வருடங்கள் ஓடின. கடுகு வழக்கின் தீர்ப்பிலும், இறக்குமதியாகும் மரபணு மாற்ற உணவுக்கு, குறிப்பாகச் சமையல் எண்ணெய்க்கு, லேபிள் பற்றிய சட்டப்பிரிவை அரசு பின்பற்ற வேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

சரி, எண்ணெயைச் சோதித்துப் பார்த்து லேபிள் ஒட்ட வேண்டியதுதானே என்று தோன்றும். எனக்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் தோன்றியது. ஒரு பருத்திக்கொட்டையை உடைத்து, பருப்பை இடித்து, அதிலிருந்து மரபணு அடங்கிய டி.என்.ஏ.வைப் பிரித்தால் சோதனைக் குழாயின் அடியில் வெள்ளை நூல் மாதிரி, கஞ்சி திரிந்த மாதிரி கண்ணுக்கே தெரியும். காலிஃபிளவரைத் தாக்கும் ஒரு வைரஸிலிருந்து எடுத்த சின்னத் துண்டைத்தான் நிறைய மரபணு மாற்றப் பயிர்களில் சுவிட்ச் மாதிரி வைத்திருப்பார்கள், நாங்கள் தேடுவது அதைத்தான். பி.டி. பருத்திக் கொட்டை என்றால் கம்ப்யூட்டர் திரையில் கோடு சடாரென்று மேலே ஏறும், சந்தேகமே வராது. அதே பருத்தியிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த எண்ணெயைக் கொடுங்கள். காரம் விட்டு, களிமண்ணில் வடிகட்டி, 200 டிகிரிக்கு மேல் ஆவி பாய்ச்சி வாசனையைப் போக்கியிருப்பார்கள், அதில் டி.என்.ஏ.வும் புரதமும் தங்குவதற்கு வழியே இல்லை. அரை லிட்டர் எண்ணெயை எடுத்து நாள் பூராவும் மல்லுக்கட்டினாலும் கோடு பெரும்பாலும் தரையோடு தரையாகக் கிடக்கும். எப்போதாவது சரியாகச் சுத்திகரிக்காத எண்ணெயில் ஒரு சுவடு கிடைக்கும், அதை வைத்து இருக்கிறது என்று சொல்லலாம், 1 சதவீதமா 40 சதவீதமா என்று சொல்ல முடியாது. 1 சதவீதம் என்று விதி எழுதி, சோதனைக்கூட முடிவை மட்டும் நம்பினால், நம் நாட்டில் மரபணு மாற்ற உணவு எந்த வழியாக அதிகம் வருகிறதோ அந்த வழி முழுக்கத் தப்பித்துவிடும்.

அமெரிக்காவில் அப்படித்தான் ஆனது. உங்கள் வாடிக்கையாளர் சொன்னது பாதிதான் உண்மை என்று அவரிடம் தாராளமாகச் சொல்லலாம். அங்கே 2016இல் சட்டம் போட்டு 2022 ஜனவரி முதல் கட்டாயமாக்கினார்கள். எழுத்தில் போடலாம், படமாகப் போடலாம், செல்போனில் ஸ்கேன் செய்கிற கட்டமாகவும் போடலாம். சோதனையில் மாற்றிய மரபணு தெரியாத அளவுக்குச் சுத்திகரித்த எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் விலக்கு கொடுத்தார்கள். மரபணு மாற்றிய சோயா எண்ணெயில் பொரித்த சிப்ஸ் பாக்கெட் ஒன்று அங்கே எந்த அடையாளமும் இல்லாமல் அலமாரியில் உட்கார முடிந்தது. ஜப்பானிலும் எண்ணெய்க்கும் சோயா சாஸுக்கும் கட்டாயம் இல்லை.

ஐரோப்பா வேறு வழியில் போனது, எனக்குச் சரியாகப் படுவது அதுதான். 2004 ஏப்ரலிலிருந்து அங்கே எண்ணெய்க்கும் லேபிள் உண்டு, அதில் ஒன்றுமே கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் உண்டு. எப்படி? பில் வழியாக. விதை விற்றவன் விவசாயிக்கு எழுதிக் கொடுக்கிறான், விவசாயி ஆலைக்கு, ஆலை மொத்த வியாபாரிக்கு, ஒவ்வொரு கையும் அந்தக் காகிதத்தை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். சரக்கு எங்கே பிறந்தது என்பதைக் குழாயில் தேடாமல் கணக்குப் புத்தகத்தில் தேடுகிறார்கள். தெரியாமல் கலந்தது 0.9 சதவீதம் வரை போனால் போகட்டும். இந்த விட்டுக்கொடுத்தல் வேண்டியதுதான், ஒரே லாரியில் நேற்று ஒரு சரக்கு இன்று ஒரு சரக்கு ஏற்றினால் மூலையில் ஒட்டியிருக்கும் தூசியே எங்கள் கருவியில் தெரியும்.

இப்போது உங்கள் கொழுந்தனாருக்கு வருகிறேன். அவர் சொல்வதை நான் அலட்சியமாக ஒதுக்கவில்லை. லேபிள் என்றதும் "ஐயோ, விஷம்" என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர், அவர்களால்தான் அவருக்குப் பயம். அந்தப் பேச்சு தப்பு. 2016இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 900க்கும் மேற்பட்ட ஆய்வுகளை உட்கார்ந்து படித்துவிட்டு, சந்தையில் இருக்கும் மரபணு மாற்ற உணவு மற்ற உணவைவிட உடம்புக்கு ஆபத்தானது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றார்கள். உங்கள் பிள்ளைகள் இதுவரை சாப்பிட்ட எண்ணெயை நினைத்து ராத்திரி தூக்கம் கெட வேண்டாம். அதற்காக எதை மாற்றினாலும் ஒன்றும் ஆகாது என்றும் இல்லை. 1990களில் கால்நடைத் தீவனத்துக்குச் சத்துக் கூட்ட சோயாவில் பிரேசில் கொட்டையின் மரபணு ஒன்றை வைத்தார்கள், சோதித்தபோது அந்தக் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்தச் சோயாவும் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தது, அதோடு அதைக் கைவிட்டார்கள். சந்தைக்கே வரவில்லை. இது பரிசோதனை செய்ய வேண்டிய வேலை, அதை அரசும் விஞ்ஞானிகளும் விற்பனைக்கு முன்னாலேயே செய்ய வேண்டும். ஆபத்தான பொருள் என்றால் அதைத் தடுத்து நிறுத்துவதுதான் முறை, லேபிள் ஒட்டி விற்க விடுவது முறையாகாது. லேபிளின் வேலை வேறு.

என்ன வேலை என்றால், உங்கள் சேவு பாக்கெட்டையே எடுத்துப் பாருங்கள். பச்சைப் புள்ளி இருக்கிறதா? இருபது வருடத்துக்கும் மேலாக இந்த நாட்டில் உணவுப் பொட்டலத்தில் சைவமா அசைவமா என்று போட்டாக வேண்டும். அசைவப் பொருளில் பழுப்பு அடையாளம் இருக்கிறதே, அதைப் பார்த்து யாராவது விஷம் என்று ஓடினார்களா? முட்டை பிஸ்கட் விற்காமல் போனதா? அது எச்சரிக்கை கிடையாது. இது இன்னது என்று சொல்கிறது, அவ்வளவுதான். வேண்டியவர் வாங்குகிறார், வேண்டாதவர் அடுத்ததை எடுக்கிறார், யாரும் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அமாவாசைக்கு வெங்காயம்கூடச் சேர்க்காத வீடும் தினம் மீன் வாங்குகிற வீடும் ஒரே கடையில் ஒரே அலமாரியில் வாங்கிப் போகிற ஊர் நம்முடையது. சாப்பாட்டில் தெரிந்து தேர்ந்தெடுப்பது நமக்கு மேல்நாட்டிலிருந்து வந்த பழக்கம் இல்லை, ஆகவே "பணக்காரர் பேச்சு" என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒருவருக்கு நாட்டு விதை அழிந்துவிடக் கூடாது என்று கவலை, இன்னொருவருக்கு விதைக்காக நாலு கம்பெனி கையை எதிர்பார்க்கக் கூடாது என்று கவலை, ஒருவருக்கு வெறுமனே மனசு ஒப்பவில்லை. மாறாக, பூச்சிமருந்து குறைகிறதே என்று பி.டி. ரகத்தைத் தேடி வாங்க நினைப்பவரும் இருக்கலாம், பங்களாதேஷில் 2014 முதல் விவசாயிகள் பி.டி. கத்தரி போடுகிறார்கள். யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. காசு கொடுப்பவருக்குத் தன் காசு எதற்குப் போகிறது என்று தெரிய வேண்டும், அதை மறைத்து வைத்துக்கொண்டு "நல்லதுதான், பேசாமல் சாப்பிடு" என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

ஜனங்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்பதற்குப் பிரேசிலைப் பாருங்கள். 2003இல் போட்ட ஆணைப்படி அங்கே மரபணு மாற்றிய பொருளில் மஞ்சள் முக்கோணம், நடுவில் கறுப்பில் 'டி' (T) எழுத்து, மரபணு மாற்றத்துக்கு அவர்கள் மொழியில் உள்ள சொல்லின் முதல் எழுத்து அது. பார்த்தால் மின்கம்பத்தில் மாட்டுகிற அபாயப் பலகை மாதிரியே இருக்கும், அப்படி வரைந்திருக்கவே கூடாது என்பது என் அபிப்பிராயம். அவ்வளவு பயமுறுத்துகிற படத்தோடும் சோயா எண்ணெய் அங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது, இன்றைக்கும் அங்கே தாளிப்பது அதில்தான். யோசித்துப் பாருங்கள், ஒரே வயலில் விளைந்த சோயா, அங்கே கடையில் நின்றால் முக்கோணத்தோடு நிற்கிறது, கப்பலேறி நம் துறைமுகத்தில் இறங்கி, இங்கே சுத்திகரித்து, நம் மளிகைக் கடைக்கு வந்தால் ஒரு புள்ளிகூட இல்லை. பிரேசில்காரருக்குச் சொல்லக்கூடியதை விருதுநகர்க்காரருக்குச் சொல்லக் கூடாதா? எனக்கு இந்த இடத்தில்தான் கோபம் வருகிறது.

அமெரிக்காவில் வெர்மான்ட் என்று ஒரு சின்ன மாநிலம், 2016 ஜூலையில் நாட்டுக்கே முன்னால் லேபிளைக் கட்டாயமாக்கியது. அங்கே லேபிள் வருவதற்கு முன்னும் பின்னும் மக்களிடம் கேட்ட கருத்தை மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டு 2018இல் ஓர் ஆய்வு வந்தது. வெர்மான்ட்டில் மரபணு மாற்ற உணவுக்கு எதிர்ப்பு 19 சதவீதம் குறைந்திருந்தது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. வீட்டில் ஒரு விஷயத்தை நம்மிடம் மறைத்தால்தான் நமக்குச் சந்தேகம் வரும், சொல்லிவிட்டால் "ஓ, இதுதானா" என்று அடுத்த வேலையைப் பார்ப்போம். ஆனால் ஐரோப்பாவில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் கொழுந்தனாருக்கு நான் நியாயம் செய்தவளாக மாட்டேன். அங்கே பெரிய கடைக்காரர்கள் லேபிளுக்குப் பயந்து அந்தச் சரக்கையே நிறுத்திவிட்டார்கள், அதனால் அலமாரியில் அந்த லேபிள் உள்ள பொருளைத் தேடினாலும் கிடைப்பது அரிது. ஆக, அவருடைய பயம் நடக்காத ஒன்று இல்லை. என்ன வார்த்தை, என்ன நிறம் என்பது அதனால்தான் முக்கியம். எனக்குச் சிவப்பு வேண்டாம், முக்கோணம் வேண்டாம். பொருட்கள் பட்டியலில் எண்ணெய் பேருக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், "மரபணு மாற்றிய பருத்தியிலிருந்து" என்று தமிழில் ஒரு வரி. முன்பக்கத்தில் பச்சைப் புள்ளிக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் அடையாளம். போதும்.

இனி செலவும் பாரமும். நாலு பெண்களை வைத்துச் சேவு பிழிகிற வீட்டை "உன் சரக்கைச் சோதனைக்கு அனுப்பு" என்று சொன்னால் அது அநியாயம். ஒரு மாதிரிக்கு ஆயிரக்கணக்கில் செலவு, அதுவும் எண்ணெயில் ஒன்றும் தெரியாது என்று மேலேயே சொல்லிவிட்டேன். எழுத வேண்டியது பருத்திக்கொட்டையை நசுக்குகிற ஆலையும் கச்சா எண்ணெயைக் கப்பலில் இறக்குகிறவரும். அவர்களுக்குத்தான் சரக்கு எங்கிருந்து வந்தது என்று பில்லிலேயே தெரியும். அவர்கள் டின்னில் எழுதினால், டின்னில் இருப்பதை நீங்கள் பாக்கெட்டில் எழுதுவீர்கள், அதற்கு மேல் உங்களிடம் யாரும் கேட்கக் கூடாது. விதி எழுதும்போது இந்த வரிசை மாறிவிட்டால், பெரிய ஆலை தப்பித்துச் சின்ன அடுப்புக்கு அபராதம் வரும். லேபிள் கேட்டுப் போராடுகிறவர்கள் இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று நான் எங்கே பேசினாலும் சொல்கிறேன்.

லேபிள் போய்ச் சேராத இடமும் உண்டு. மதுரையில் சாயங்காலம் தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்பார்களே, எனக்கு உயிர். பருத்திக்கொட்டையை ராத்திரி ஊறவைத்து, ஆட்டிப் பால் பிழிந்து, அரிசி மாவு, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் போட்டுக் காய்ச்சி, மேலே தேங்காய்ப்பூ தூவிக் கொடுப்பார்கள். எண்ணெயிலாவது மரபணுவும் புரதமும் மிஞ்சவில்லை, இதில் கொட்டையே அரைபடுகிறது. கொட்டை எந்தப் பருத்தி என்று எனக்குப் பால் ஊற்றிக் கொடுக்கும் பெரியவரிடம் ஒருநாள் கேட்டேன். "கடையில கொட்டைனு கேட்டா குடுக்குறான் தாயி, மாட்டுக்கு வாங்குறவங்களும் அங்கதான் வாங்குறாங்க" என்றார். இன்றைய பருத்தியில் பத்தில் ஒன்பது பங்கு பி.டி. என்றால் அவர் பாத்திரத்தில் இருப்பதும் அநேகமாக அதுதான். கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினால் அந்தப் புரதம் உருக்குலைந்துவிடும், நான் இன்றும் குடிக்கிறேன். ஆனால் தள்ளுவண்டிக்கு லேபிள் கிடையாது, மாட்டுக்குக் கொடுக்கும் பருத்திப் புண்ணாக்குக்குக் கேட்பார் கிடையாது, பி.டி. கத்தரி வந்திருந்தால் உழவர் சந்தையில் கூறுகட்டி விற்கும் காயில் எதை எங்கே ஒட்டுவது? கொட்டை மூட்டையிலும் விதைப் பையிலும் எழுதியிருந்தால் அந்தப் பெரியவர் எனக்கு வாயால் பதில் சொல்லியிருப்பார். அதனால்தான் பில் வழி, மூட்டை வழி என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அரிசியிலும் ஒரு கதவு இப்போது திறந்திருக்கிறது. 2025 மே மாதம் மத்திய அரசு மரபணுவைத் திருத்திய இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது, அதில் ஒன்றான 'கமலா' நாம் பி.பி.டி. என்று வாங்கும் சம்பா மசூரியிலிருந்து செய்தது. வெளி உயிரின் மரபணுவைச் சேர்க்காமல் உள்ளே இருப்பதையே திருத்தியது என்பதால், இந்த வகைக்கு 2022இலேயே மரபணு மாற்றப் பயிர்களுக்கான கெடுபிடியிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். விஞ்ஞானக் கணக்கில் அந்த வேறுபாடு சரியானதுதான். ஆனாலும் விதைப் பையில் இது இன்னது என்று ஒரு வரி எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம் என்பதுதான் என் கேள்வி.

அதெல்லாம் வரும்போது வரட்டும், இன்றைக்கு நீங்கள் எதைப் பார்த்து வாங்குவது? கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி, பாமாயில், தவிட்டு எண்ணெய், இவற்றில் நம் சந்தைக்கு வரும் மரபணு மாற்றிய பயிர் இல்லை. பருத்திக்கொட்டை, சோயா, கனோலா, இந்த மூன்றும் இருந்தால் அநேகமாக உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்காச்சோள எண்ணெய் வெளிநாட்டுச் சரக்கு என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் விளையும் சோயா அப்படி இல்லை, மீல் மேக்கரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கலப்பு எண்ணெய் என்றால் எந்த எண்ணெய் எத்தனை சதவீதம் என்று டின்னில் எழுதியிருக்க வேண்டும், பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். லூஸில் மட்டும் வாங்கவே வாங்காதீர்கள், அதில் ஜி.எம்.மைவிடப் பெரிய பிரச்சினைகள் இருக்கின்றன.

அப்புறம் ஏமாற்று லேபிள்கள். கடலை எண்ணெய் பாட்டிலில் 'ஜி.எம். இல்லாதது' என்று போட்டுப் பத்து ரூபாய் கூட்டி விற்றால் வாங்காதீர்கள், கடலை எண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லை என்று போடுகிற மாதிரிதான் அதுவும், எந்தக் கடலை எண்ணெயிலும் அது கிடையாது. உப்பில்கூடப் போடுகிறார்கள், உப்பில் மரபணுவே ஏது? பழத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் 8இல் ஆரம்பிக்கும் ஐந்து இலக்க எண் இருந்தால் மரபணு மாற்றியது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம், அந்த எண்ணைக் கடைப் பழங்களில் யாரும் அதற்காகப் பயன்படுத்தியதே இல்லை. விதையில்லாத் திராட்சையும், சிவப்பாக நீளமாக வரும் பப்பாளியும், ஹைபிரிட் தக்காளியும் இயற்கையாக வந்த மாற்றத்தாலோ இனம் கலந்தோ வந்தவை, இந்தக் கணக்கில் வராது.

உங்கள் பாக்கெட்டுக்கு வருவோம். எண்ணெய் என்று மொட்டையாக எழுதாமல் எந்த எண்ணெய் என்று பேரோடு எழுத வேண்டும் என்பது இப்போதே விதி, அதை மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள், எண்ணெய் பில்லைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை நீங்கள் ஊற்றுவது கடலை எண்ணெயோ பாமாயிலோ என்றால் அந்த வாடிக்கையாளரிடம், "கடலை எண்ணெய் அண்ணே, இந்தியாவில் ஜி.எம். கடலை இல்லை, பாக்கெட்டில் எண்ணெய் பேர் இருக்கு" என்று சொல்லி முடித்துவிடலாம். பருத்திக்கொட்டை எண்ணெய் கலந்த டின் என்றால், "இதில் பருத்திக்கொட்டை எண்ணெய் இருக்கு, நம்ம நாட்டுப் பருத்தி பெரும்பாலும் பி.டி.தான், உங்களுக்கு வேண்டாம்னா ஒரு நாள் முன்னாடி சொல்லுங்க, கடலை எண்ணெயில் தனியாகப் போட்டுத் தர்றேன், கிலோவுக்கு இவ்வளவு கூட ஆகும்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். கொழுந்தனாரிடம் ஓர் உதவி கேளுங்கள். அவர் எடுக்கும் கலப்பு டின்களின் லேபிளைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பட்டும், சதவீதம் எழுதாத டின்னை அடுத்த தடவை எடுக்க வேண்டாம் என்று ஆலைக்கு அவரே சொல்லட்டும். ஆலைக்காரர் உங்கள் பேச்சைக் கேட்கிறாரோ இல்லையோ, மாதம் இத்தனை டின் எடுக்கிற ஏஜெண்ட் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.